எழுதியோர்

கோட்டையில் எனக்கு வேலை
ஆங்கிலத்தில் வரும் சட்டமுன்வடிவைத்
தமிழில் நிற்க வைப்பது.
பாராட்டா, அங்கீகாரமா என்று
ஒரு பிற்பகல் முழுக்க அகராதியோடு இருந்திருக்கிறேன்.

இந்த முறை வந்தது
உயர்ந்த தேர்ச்சி காட்டும் கல்வி மாவட்டங்களை
ஊரறியச் சிறப்பிக்கும் சட்டம்.
பித்தளைக் கேடயத்தின் குறுக்களவு
அட்டவணை இரண்டில்: நாற்பத்தைந்து சென்டிமீட்டர்.
அலுவலக வாசலில், கண்மட்டத்தில் மாட்டவேண்டும்.
மூன்றாண்டு தொங்கலாம்.
அப்புறம் கழற்ற யார் ஏணி கொண்டுவருவார் என்று
எந்தப் பிரிவிலும் இல்லை.

நான்காம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு:
"தேர்வு எழுதியோரில்
நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்குக் குறையாதோர்..."
எழுதியோரில்.
தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பேன்,
டீ வராமல் இருந்திருந்தால்.

டில்லிபாபு காசிமேட்டுப் பையன்.
இரண்டு கேன், ஒரு கம்பி வளையத்தில் எட்டு கிளாஸ்,
மாடி மாடியாக ஏறுவான்.
கணக்கு எழுதுவதில்லை. தப்பியதுமில்லை.
பத்தாவது என்னடா ஆச்சு என்றேன்,
சும்மா, பேச்சுக்கு.

"ஜனவரில அம்மாவக் கூப்ட்டாங்கக்கா.
தனித்தேர்வரா எழுதட்டும்னு
டீசி குடுத்துட்டாங்க.
எங்கூட மூணு பேரு."
ஒரு கிளாஸை வேட்டியில்லாத இடுப்பில்
துண்டால் துடைத்தபடி சிரித்தான்.
"ஜூன்ல பாலத்துக்குக் கீழ பேனர் வெச்சாங்க.
முப்பத்தேழுக்கு முப்பத்தேழு, நூறு சதவீதம்னு.
போட்டோ டிசம்பர்ல எடுத்தது.
தல எண்ணிப் பாத்தேன்,
நாப்பத்தொண்ணு.
ரெண்டாவது வரிசைல நான் கண்ண மூடினு இருக்கேன்."

அவன் போன பிறகு
எழுதியோரில் என்பதை அடித்து
சேர்ந்தோரில் என்று தட்டினேன்.
எழுத்தெண்ணிக்கைகூட அதிகம் மாறவில்லை.
கோப்பு கைமாறிக் கைமாறி
நான்கு நாள் தப்பித்தது.

ஐந்தாம் நாள் திரும்பியது, பென்சில் வட்டத்தோடு.
சார்புச் செயலாளர் வட்டமிட்டால்
காம்பஸ் வைத்த மாதிரி இருக்கும்.
மூலத்துக்கு மாறானது, என்று ஓரத்தில்.
அறைக்குக் கூப்பிட்டார்.
"மொழிபெயர்க்கிறவங்க சட்டம் போடறதில்ல, தமயந்தி."
அவர் சொன்னதில் பிழையில்லை.
எனக்கு விளங்கியதும் அவருக்கு விளங்கியது,
அதனால்தான் கண்ணாடியைக் கழற்றித்
துடைத்துக்கொண்டே இருந்தார்.
நான் திருத்தினேன்.
என் கையால், என் விசைப்பலகையில்,
எழுதியோரில்.

வியாழக்கிழமை அவைக்கு வந்தது.
பேரவை நடப்பு எங்கள் அறைப் பெட்டியிலும் கேட்கும்.
ஏற்போர் ஆம் என்க.
ஆம், ஆம்,
மேசைகளை யாரோ மழையில் நனைத்த மாதிரி ஓசை.
மறுப்போர் இல்லை என்க.
பெட்டியில் காற்றாடிச் சத்தம் மட்டும்.

ராயபுரத்தில் நான் படித்த வகுப்பில்
பெயர் கூப்பிட்டால் உள்ளேன் டீச்சர் என்போம்.
வராதவளுக்குப் பக்கத்துப் பெண் குரல் கொடுப்பாள்,
லீவு டீச்சர்.
அதற்கும் பதிவேட்டில் ஒரு கட்டம் இருந்தது,
சிவப்பு மையில்.
கட்டத்தையே காணோமென்றால்
யார் குரல் கொடுப்பது,
என்னவென்று?

சட்டம் நிறைவேறியதற்கு லட்டு வந்தது.
கூடவே டீ.
டில்லிபாபு மேசை மேசையாக வைத்துக்கொண்டே போய்
சேவியரின் காலி மேசையிலும் ஒன்று வைத்தான்.
"அவரு லீவுடா."
"தெரியும்க்கா."
கொஞ்ச நேரம் ஆவி பார்த்துக்கொண்டிருந்தான்.
ஆறுவதற்குள்
அவனே எடுத்துக் குடித்தான்.
கணக்கில்
எட்டு என்றான்.